ஐந்தாவது ஆள்

மீட்டர் பார்க்கத்தான் போனேன்.
முன்னீர்பள்ளம் தாண்டி, வாய்க்காலோரம்,
வேல்மயில் வீட்டில் யூனிட்டைக் குறித்துவிட்டு
வண்டியைத் திருப்பும்போது
"அக்கா, நீங்க எத்தன கிலோ?" என்றாள் ஒருத்தி.

பதினொரு வயது. ஆவுடைச்செல்வி.
கையில் கடிவாளம்.
கடிவாளத்தின் மறுமுனையில் சோடா:
வண்டிப் பந்தயத்தில் தோற்றுத் தோற்று
விலை இறங்கி வந்த மட்டக் குதிரை.

அணிக்கு ஐந்து பேராம்.
நாலு பேர் ஓட, ஒருவர் உபரி.
உபரி அம்மை போட்டு வேப்பிலையில் கிடக்கிறான்.
"சும்மா பேருக்குத்தான்க்கா. ஏறவே வேண்டாம்.
அம்பதுக்கு மேல இருந்தா மட்டும் சோடா தாங்காது."

நாற்பத்தொன்பது என்றேன்.
ஒன்பது வருட வேலையில்
நான் குறைத்துச் சொன்ன முதல் எண்.

பிசானம் அறுத்த வயல்தான் மைதானம்.
பெயின்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி
நட்ட ஐந்து குழாய்கள்.
கொடிகளுக்கு யார் வீட்டுப் பாவாடையோ.
பள்ளிக்கூடக் காலுறையைச் சுருட்டி உருண்டையாக்கி
ஓடுகிற குதிரையிலிருந்து
பினாயில் வாளிக்குள் போட வேண்டும்.

ஏறவே வேண்டாம் என்றவர்கள்
அன்று சாயங்காலமே ஏற்றிவிட்டார்கள்.
சோடா அசைந்ததும்
என் வலக்கை தன்னால்
இல்லாத ஆக்சிலேட்டரை முறுக்கியது.
மைதீன் பாத்து சிரித்த சிரிப்பில்
வாய்க்கால் கொக்கு எழுந்து போனது.

சோடாவுக்கு நேர்ரோடு மட்டும்தான் தெரியும்.
கம்புக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம்,
இப்படி வளைந்து போவதெல்லாம்
அதற்கு வெட்டி வேலை.
"கம்பப் பாக்காதீங்க, போற எடத்தப் பாருங்க.
நீங்க பாக்குற எடத்துக்குத்தான் அது போவும்."
நான் கம்பைப் பார்த்தேன்.
கம்புக்கே போனோம்.

"விழுந்ததெல்லாம் கணக்கில்லக்கா.
உருண்டைய விட்டா எறங்கி எடுக்கணும்,
திரும்ப ஏறித்தான் கோட்டத் தாண்டணும்.
அதான் கணக்கு."

திரும்ப ஏற எனக்கு வரப்பு வேண்டியிருந்தது.
அவர்களோ ஓடுகிற குதிரையோடு ஓடி
தவளை போல ஒட்டிக்கொள்வார்கள்.
நான் சோடாவை வரப்போரம் கூட்டிப்போய்
பஸ் ஏறுவதைப் போல ஏறுவேன்.
அது திரும்பிப் பார்க்கும்.
டிக்கெட் கேட்காததுதான் குறை.

பாளையங்கோட்டையில் போட்டி.
காலையில் ஜெபக்கனிக்கும் உடம்பெல்லாம் கொப்புளம்.
உபரி என்ற சொல் என்னை விட்டுப் போனது.

கம்பு ஓட்டத்தில் கடைசிக்கு முந்தியவர்கள் ஆனோம்.
கொடியில் மூன்றாவது.
பாத்து மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி
கொடியை உருவிக்கொண்டு பறந்தாள்.
பிறகு காலுறை.

நான் போட்டேன். வாளி விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.
இறங்கினேன். எடுத்தேன். போட்டேன்.
அதுவரை சரி.
சுற்றிப் பார்த்தேன்.
அத்தனை பெரிய மைதானத்தில்
ஒரு வரப்பு இல்லை.

துள்ளினேன்.
வயிறு சேணத்தில், தலை அந்தப் பக்கம்,
கால் இந்தப் பக்கம்,
உர மூட்டை போலக் கிடந்தேன்.
சோடாவுக்கோ முன்னால் நேர்கோடு.
வாழ்நாளில் முதல்முறையாகத்
தனக்குத் தெரிந்ததைக் கேட்டிருக்கிறார்கள்!
பாய்ந்தது.
கோட்டைத் தாண்டும்போது
நான் பார்த்தது சோடாவின் குளம்புகளை,
கேட்டது ஊரே கத்தியதை.

செல்லாது என்றார் நடுவர்.
காலை இருபக்கமும் போட்டிருக்க வேண்டுமாம்.
ஆவுடை யாரோடும் பேசவில்லை.
வேனில் வரும்போது
பாதி முறுக்கை என் பக்கம் நீட்டினாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டே.

இரண்டு மாதம் கழித்து மீட்டர் பார்க்கப் போனேன்.
பாபநாசத்தில் தண்ணீர் திறந்திருந்தார்கள்.
எங்கள் மைதானம் முழங்காலளவு சேறு.
பிடுங்க மறந்த ஒரு குழாயின்மேல்
மீன்கொத்தி.

யூனிட்டை எழுதி அட்டையை நீட்டினேன்.
"குளத்துக் கரைக்கு மாத்திட்டோம்க்கா.
ஞாயித்துக்கெழம வெள்ளன வந்துருங்க."

"ஆவுடை, நான் அம்பத்தி மூணு கிலோ."

"தெரியும்.
சோடா அன்னைக்கே சொல்லிட்டு."